கேட் தேர்வு: அதிகாரபூர்வ விடைக்குறிப்பை வைத்து ஸ்கோரை எவ்வளவு தூரம் கணிக்க முடியும்?

#1 பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் நுழைவுத் தேர்வை இந்த ஆண்டு முற்பகல் அமர்வில் எழுதினேன். பிற்பகலில் வேறொரு வினாத்தாளுடன் இன்னொரு சிவில் அமர்வும் நடந்தது. தேர்வு முடிந்த அன்று மாலையே பயிற்சி மையங்கள் நினைவிலிருந்து தொகுத்து வெளியிட்ட விடைகளை வைத்துப் பார்த்தபோது ஒன்றில் 57, இன்னொன்றில் 51, மூன்றாவதில் 54 என்று வந்தது. நேற்று அதிகாரபூர்வ விடைக்குறிப்பும் தலைமை வினாத்தாளும் வந்துவிட்டன. இரவு உட்கார்ந்து, தேர்வில் நான் கொடுத்த விடைகளின் பதிவான ரெஸ்பான்ஸ் ஷீட்டுடன் ஒப்பிட்டு நான் போட்ட கணக்கு இது:

ஒரே ஒரு சரியான விடை உள்ள எம்.சி.க்யூ. வகையில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 12 சரி, 4 தவறு. இரண்டு மதிப்பெண் எம்.சி.க்யூ. கேள்விகளில் 9 சரி, 5 தவறு. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உள்ள எம்.எஸ்.க்யூ. வகையில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 2 சரி, இரண்டு மதிப்பெண் கேள்விகள் 2 சரி. மேலும் இரண்டு கேள்விகளில் பாதி விடை சரியாக இருந்ததால் தலா 1 போட்டுக்கொண்டேன். எண்ணைத் தட்டச்சு செய்யும் நேட் வகையில் ஒரு மதிப்பெண் 5 சரி, இரண்டு மதிப்பெண் 7 சரி, இரண்டு மதிப்பெண் கேள்விகளில் 3 தவறு; அந்த மூன்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வீதம் கழித்துக்கொண்டேன்.

மொத்தம் 50.33 வருகிறது. இதை ஸ்கோராக மாற்றினால் எவ்வளவு கிடைக்கும்? இணையத்தில் உள்ள ராங்க் கணிப்பான்களில் ஒன்று 640 என்கிறது, இன்னொன்று 571 என்கிறது. ஒரே மதிப்பெண்ணுக்கு இத்தனை வேறுபாடு எப்படி வருகிறது என்று புரியவில்லை. இது போக ஒரு கேள்வியில் விடைக்குறிப்பே தவறு என்று எனக்குப் படுகிறது. அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

#2 மணல்மேடு

தம்பி, 50.33 என்ற உங்கள் கூட்டுத்தொகை சரி. ஆனால் அதை அடைந்த வழியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டதால்தான் தப்பித்திருக்கிறீர்கள்.

முதலாவது, எம்.எஸ்.க்யூ. கேள்விக்கு கேட் தேர்வில் பகுதி மதிப்பெண் கிடையாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதிய பழக்கத்தில் பலரும் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். இங்கே சரியான விடைகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, தவறான ஒன்றையும் தொடாமல் இருந்தால்தான் மதிப்பெண், இல்லையென்றால் பூஜ்யம். ஆகவே நீங்கள் போட்டுக்கொண்ட 2 மதிப்பெண்ணை அடித்துவிடுங்கள். இரண்டாவது, நேட் கேள்விக்கும் எம்.எஸ்.க்யூ. கேள்விக்கும் எதிர்மறை மதிப்பெண் கிடையாது. எம்.சி.க்யூ. மட்டும்தான் தவறுக்கு மூன்றில் ஒன்றோ மூன்றில் இரண்டோ கழிக்கும். ஆகவே நீங்கள் நேட் பகுதியில் கழித்த 2 மதிப்பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முறையாக எழுதினால் இப்படி வரும்: 12-இலிருந்து 1.33 போக 10.67; 18-இலிருந்து 3.33 போக 14.67, எம்.எஸ்.க்யூ. 6, நேட் 19. மொத்தம் 50.33. எம்.எஸ்.க்யூ. வகை 2021-இல்தான் சேர்க்கப்பட்டது என்பதால், அதற்கு முன் எழுதிய சீனியர்களிடம் கேட்டால் இதில் தெளிவான பதில் கிடைக்காது.

ஆட்சேபம் குறித்துப் பிறகு பேசுவோம். அதற்கு முன் ஒரு கேள்வி. ஒப்பிடும்போது கேள்வி எண்ணைப் பார்த்து ஒப்பிட்டீர்களா, கேள்வியையே படித்து ஒப்பிட்டீர்களா?

#3 பொருநைக்கரை

எண்ணைப் பார்த்துத்தான் தொடங்கினேன் அண்ணா. பொதுத் திறன் பகுதியில் நான்காவது கேள்வியிலேயே பொருந்தாமல் போனதால் பிறகு ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிட்டேன்.

#4 மணல்மேடு

அப்படியானால் நல்லது. விடைக்குறிப்பு அட்டவணையில் உள்ள கேள்வி எண் தலைமை வினாத்தாளின் எண். கணினித் திரையில் உங்களுக்கு வந்த வரிசை அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. வலது பக்கம் வினாத்தாளையும் இடது பக்கம் ரெஸ்பான்ஸ் ஷீட்டையும் திறந்து வைத்துக்கொண்டு, விடை எழுத்தை விட்டுவிட்டு விடை வாசகத்தைப் பார்த்துச் சரிபார்ப்பதே என் வழக்கம். 65 கேள்விகளுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

#5 வைகைப்பாலம்

இதில் என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியபோது, எந்தக் கேள்விக்கு என்ன விடை கொடுத்தேன் என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரியும் என்று நம்பி, ரெஸ்பான்ஸ் ஷீட்டைத் திறக்காமலே விடைக்குறிப்பை வைத்து 61 என்று கணக்கிட்டு வீட்டில் சொல்லிவிட்டேன். பிறகு ஷீட்டைத் திறந்து பார்த்தால் மூன்று இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு எதிரே விடையளிக்கப்படவில்லை என்று இருந்தது. விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘சேவ் அண்ட் நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்தாமல், வலது ஓரத்தில் உள்ள எண் கட்டத்தைச் சொடுக்கி அடுத்த கேள்விக்குத் தாவியிருக்கிறேன். அப்படித் தாவினால் விடை சேமிக்கப்படாது என்று தேர்வுக்கு முந்தைய அறிவுரைகளில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. 6 மதிப்பெண் போயிற்று. அம்மா அதற்குள் சித்தி வீடு வரைக்கும் 61 என்று சொல்லி முடித்திருந்தார்.

இதற்கு நேர் எதிரான பயமும் சிலருக்கு இருக்கிறது. விடையளித்துவிட்டு மறுபார்வைக்கும் குறித்த கேள்விகள் மதிப்பிடப்படுமா என்று கேட்கிறார்கள். மதிப்பிடப்படும். விடை கொடுக்காமல் மறுபார்வைக்கு மட்டும் குறித்ததற்குத்தான் ஒன்றும் கிடையாது.

#6 பொருநைக்கரை

மூன்று நேட் கேள்விகள் தவறு என்று எழுதினேன் அல்லவா, அதில் ஒன்று மனத்தை உறுத்துகிறது. நிறைவுற்ற மண்ணின் அலகு எடை 19, நிலத்தடி நீர்மட்டம் தரைமட்டத்திலேயே இருக்கிறது, 5 மீட்டர் ஆழத்தில் பயனுறு தகைவு என்ன என்பது கேள்வி. நீரின் அலகு எடை 9.81 என்று கேள்வியிலேயே கொடுத்திருந்தார்கள். நான் கல்லூரித் தேர்வுப் பழக்கத்தில் 10 என்று எடுத்து 45 என்று தட்டச்சு செய்தேன். குறிப்பில் 45.9 முதல் 46.0 வரை என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். வழிமுறை சரி என்று வாதிட முடியுமா?

#7 மணல்மேடு

முடியாது. 9.19-ஐ 5-ஆல் பெருக்கினால் 45.95, அது வரம்புக்குள் இருக்கிறது. வழிமுறையைப் பார்க்க அங்கே ஆள் இல்லை, எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். கேள்வியில் 9.81 என்று கொடுக்காமல் விட்டிருந்தால் கதையே வேறு. அப்போது இரண்டு விடைகளும் நுழையும் அளவுக்கு வரம்பை விரிக்கும்படி கேட்க நியாயம் இருந்திருக்கும். ஆட்சேபத்துக்குக் கட்ட வேண்டிய 500 ரூபாயை மிச்சம் பிடியுங்கள்.

#8 சராசரிக்குமேல்

நான் புள்ளியியல் கற்பிக்கிறேன். ராங்க் கணிப்பான்கள் ஏன் முரண்படுகின்றன என்ற முதல் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடைக்குறிப்பிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது 100-க்கான அசல் மதிப்பெண் மட்டுமே. மதிப்பெண் அட்டையில் வரும் ஸ்கோர் என்பது 1000-க்கு உட்பட்ட வேறோர் அளவு. அதற்கான சூத்திரம் வெளிப்படையானது: உங்கள் மதிப்பெண்ணிலிருந்து பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சிச் சராசரிக்கும் தகுதி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 550-ஆல் பெருக்கி, 350-ஐக் கூட்ட வேண்டும். உச்சிச் சராசரி என்று நான் சொல்வது, அந்தப் பாடத்தை எழுதியவர்களில் முதல் 0.1 விழுக்காட்டினர் அல்லது முதல் 10 பேர், இரண்டில் எந்த எண்ணிக்கை பெரிதோ அவர்களுடைய மதிப்பெண்களின் சராசரி. தகுதி மதிப்பெண் என்பது 25, அல்லது எழுதிய எல்லோருடைய சராசரியும் திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் அளவு) சேர்ந்த தொகை, இவற்றில் பெரியது. ஆக, தகுதி மதிப்பெண் பெற்றவருக்கு 350, உச்சிச் சராசரி பெற்றவருக்கு 900 என்று இரண்டு முளைகளை அடித்து, இடையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு முளைகளும் எங்கே விழும் என்பது முடிவு வெளியாகும் வரை எந்தக் கணிப்பானுக்கும் தெரியாது. அவை ஒவ்வொன்றும் தத்தம் ஊகத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு ஒற்றை எண்ணைக் கொடுக்கின்றன. எடுத்துக்காட்டாக, தகுதி மதிப்பெண் 25 அல்லது 30, உச்சிச் சராசரி 75 அல்லது 85 என்று வைத்துக்கொண்டு உங்கள் 50.33-ஐப் போட்டுப் பாருங்கள்.

தகுதி 25, உச்சி 85 என்றால் ஸ்கோர் 582.
தகுதி 30, உச்சி 85 என்றால் 553.
தகுதி 25, உச்சி 75 என்றால் 629.
தகுதி 30, உச்சி 75 என்றால் 599.

ஒரே மதிப்பெண், ஆனால் 76 புள்ளி வேறுபாடு. நான் எடுத்துக்கொண்ட எண்கள் வெறும் எடுத்துக்காட்டுகள்தான் என்றாலும், தகுதி மதிப்பெண் இப்படி ஆடுவது நடக்காத காரியமல்ல. கணினி அறிவியல் பாடத்தில் பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண் 2022-இல் 25 ஆக இருந்து 2023-இல் 32.5 ஆக உயர்ந்தது. முந்தைய ஆண்டு எண்ணை அப்படியே வைத்துக் கணித்தவர்கள் எல்லோரும் அந்த ஆண்டு ஏமாந்திருப்பார்கள்.

இன்னொரு தவறையும் மாணவர்களிடம் தொடர்ந்து பார்க்கிறேன். ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர், ஈ.டபிள்யூ.எஸ். பிரிவுகளின் தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவினுடையதில் 90 விழுக்காடு, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் ஸ்கோர் சூத்திரத்தில் நுழைவது எல்லோருக்கும் பொதுப்பிரிவின் எண்தான். தன் பிரிவின் எண்ணைச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்து 20, 30 புள்ளி கூடுதலாகக் கிடைத்ததாக மகிழ்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பொதுத் தகுதி 30, உச்சி 85 என்றால், ஓ.பி.சி. பிரிவில் சரியாக 27 பெற்றுத் தகுதி பெற்றவரின் ஸ்கோர் 350 அல்ல, 320.

#9 தென்றல்

அக்கா, நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கணிப்பான்கள் ஆயிரக்கணக்கானோரின் ரெஸ்பான்ஸ் ஷீட்டுகளைத் திரட்டித்தானே சராசரியைக் கணக்கிடுகின்றன? அவ்வளவு பேரின் தரவு இருக்கும்போது அது வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியுமா?

#10 சராசரிக்குமேல்

எண்ணிக்கை அதிகமாக இருப்பதால் மட்டும் மாதிரி நேர்மையாகிவிடாது. தேர்வு நன்றாக எழுதியவர்தான் அன்றிரவே ஆசையோடு போய்த் தன் ஷீட்டைப் பதிவேற்றுவார். 15 மதிப்பெண் வரும் என்று தெரிந்தவர் அந்தப் பக்கமே போக மாட்டார். ஆகவே திரட்டிய தரவின் சராசரி உண்மையான சராசரியைவிட மேலே நிற்கும். சில தளங்கள் இதைத் திருத்திக்கொள்ள முயல்கின்றன; எப்படித் திருத்துகின்றன என்பதை வெளியே சொல்வதில்லை. உச்சிப் பகுதியைப் பொறுத்தவரை அவற்றின் தரவு ஓரளவு பயன்படலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் முதல் வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பதிவேற்றிவிடுவார்கள். அடிப்பகுதிதான் காணாமல் போகிறது, தகுதி மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில் அந்த அடிப்பகுதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பெயரும் பதிவெண்ணும் உள்ள கோப்பை முன்பின் தெரியாத தளத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

#11 பொருநைக்கரை

மிகத் தெளிவாகிவிட்டது அக்கா. ஆனால் என் பாடத்துக்கு இரண்டு அமர்வுகள் நடந்தனவே. எங்கள் முற்பகல் வினாத்தாள் எளிது, பிற்பகல் தாள் கடினம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் இரு அமர்வுகளின் மதிப்பெண்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷனில் எங்களுக்கெல்லாம் 3, 4 மதிப்பெண் குறையும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

#12 சராசரிக்குமேல்

எல்லோருக்கும் ஒரே அளவு குறையும் என்பது உண்மையல்ல. நார்மலைசேஷன் என்றால் ஒரு நிலையான எண்ணைக் கூட்டுவது அல்லது கழிப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். சூத்திரம் அப்படி இல்லை. அது ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் சேர்ந்தது.

ஒவ்வோர் அமர்வுக்கும் இரண்டு எண்களைக் கணக்கிடுகிறார்கள். ஒன்று, அந்த அமர்வில் முதல் 0.1 விழுக்காட்டினரின் சராசரி. மற்றொன்று, அந்த அமர்வின் சராசரியும் திட்ட விலக்கமும் சேர்ந்த தொகை. வசதிக்காக இதை அடியெண் என்று அழைக்கிறேன். இதே இரண்டையும் எல்லா அமர்வுகளையும் சேர்த்தும் கணக்கிடுகிறார்கள். உங்கள் மதிப்பெண் உங்கள் அமர்வின் அடியெண்ணிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அந்தத் தூரத்தை, மொத்த இடைவெளிக்கும் அமர்வின் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி, மொத்த அடியெண்ணோடு கூட்டுகிறார்கள்.

உங்கள் அமர்வின் அடியெண் 30, உச்சிச் சராசரி 80 என்றும், இரு அமர்வுகளும் சேர்ந்த அடியெண் 28, உச்சிச் சராசரி 82 என்றும் கற்பனை செய்துகொள்வோம். விகிதம் 54-க்கு 50, அதாவது 1.08. 50 மதிப்பெண் வாங்கியவருக்கு 20-ஐ 1.08-ஆல் பெருக்கி 28-ஐக் கூட்டினால் 49.6 வருகிறது, 0.4 குறைகிறது. அதே அமர்வில் 70 வாங்கியவருக்கு 71.2 வருகிறது, 1.2 கூடுகிறது. 55 வாங்கியவருக்கு 55 அப்படியே நிற்கிறது. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து எழுதிய இருவரில் ஒருவருக்குக் கூடி மற்றவருக்குக் குறைய முடியும். தாள் எளிதா கடினமா என்ற பேச்சு மட்டும் இதைத் தீர்மானிக்காது. நடுத்தர மாணவர்களுக்கு எளிதாகவும் முதல் வரிசையினருக்குக் கடினமாகவும் ஒரே தாள் அமைவது சாதாரணம்.

ஒரே அமர்வில் நடத்தப்படும் பாடங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே அசல் மதிப்பெண்ணே நேராக ஸ்கோர் சூத்திரத்துக்குள் போகும்.

#13 மணல்மேடு

இப்போது ஆட்சேபத்துக்கு வருவோம். எந்தக் கேள்வி என்று சொல்லுங்கள்.

#14 பொருநைக்கரை

கான்கிரீட் வடிவமைப்பில் இரண்டு மதிப்பெண் எம்.சி.க்யூ. அண்ணா. மைல்ட் சூழலில் உள்ள தளப்பலகை, முதன்மைக் கம்பியின் விட்டம் 10 மி.மீ.; கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456:2000 நெறிமுறையின்படி தேவைப்படும் குறைந்தபட்ச நாமினல் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன், எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். விடைக்குறிப்பில் 20 மி.மீ. நான் 15 மி.மீ. என்று கொடுத்தேன். அட்டவணை 16-இல் மைல்ட் சூழலுக்கு 20 என்று இருப்பது உண்மை. ஆனால் அட்டவணைக்குக் கீழே உள்ள குறிப்பில், 12 மி.மீ. வரை விட்டமுள்ள முதன்மைக் கம்பிகளுக்கு மைல்ட் சூழலில் 5 மி.மீ. குறைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறதே.

#15 மணல்மேடு

இது வாதிடத்தக்க கேள்விதான். கம்பியின் விட்டம் 10 மி.மீ. என்று கேள்வியிலேயே கொடுத்திருப்பது உங்களுக்குச் சாதகம். அந்தக் குறிப்பைப் பயன்படுத்தச் சொல்லவில்லை என்றால் விட்டத்தைக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். ‘குறைந்தபட்ச’ என்ற சொல்லும் உங்கள் பக்கம் நிற்கிறது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்றால், குறைத்துக்கொள்ளலாம் என்பது அனுமதி, கட்டாயமல்ல. ஆகவே நெறிமுறை நிர்ணயிக்கும் எண் 20 என்று சொல்லும். நான் பேனலில் இருந்தால் 15-ஐ ஏற்றுக்கொள்வேன். ஆனால் நான் பேனலில் இல்லை.

எழுதும்போது புலம்பாமல் எழுதுங்கள். கேள்வி எண்ணாகத் தலைமை வினாத்தாளின் எண்ணைக் குறிப்பிடுங்கள், உங்கள் ஷீட்டில் உள்ளதை அல்ல. அட்டவணை எண், குறிப்பு எண், அந்தப் பக்கத்தின் நகல், இவை போதும். பயிற்சி மையத்தின் தீர்வை ஆதாரமாக வைக்க வேண்டாம். அதை யாரும் மதிப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் ஒரு கேள்விக்கு 500 ரூபாய் கட்டணம் வாங்குகிறார்கள், சாளரம் திறந்திருப்பது சில நாட்கள் மட்டுமே. கடைசி நாள் இரவு வரை தள்ளிப்போடாதீர்கள்.

#16 வைகைப்பாலம்

500 ரூபாய்க்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் பார்த்துவிடுவோம். உங்கள் விடை ஏற்கப்பட்டால் மைனஸ் 0.67 நீங்கி 2 சேரும், ஆக 2.67 மதிப்பெண், 50.33 என்பது சரியாக 53 ஆகும். அக்கா சொன்ன 25, 85 கணக்கில் ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய 9.2 ஸ்கோர் புள்ளி. அதாவது இந்த ஒரு கேள்வி 24 புள்ளிக்குச் சமம். கோப் என்ற பொது இணையதளம் வழியாக ஐ.ஐ.டி.களின் இடத்தை ஏற்பவருக்கும் சி.சி.எம்.டி. என்ற எம்.டெக். கலந்தாய்வு வழியாக என்.ஐ.டி.களுக்குப் போகிறவருக்கும் 24 புள்ளி என்பது கிளை மாறும் அளவு.

#17 சராசரிக்குமேல்

அதில் ஒரு திருத்தம். விடை மாறினால் அது உங்களுக்கு மட்டும் மாறாது. 15 என்று கொடுத்த அனைவருக்கும் கூடும், 15 மட்டுமே சரி என்றாகிவிட்டால் 20 கொடுத்தவர்களுக்குக் குறையும். சராசரி, திட்ட விலக்கம், உச்சி எல்லாமே சற்று நகரும். ஆகவே 24 என்பதை உத்தேசமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியையே செல்லாததாக்கி எம்.டி.ஏ., அதாவது அனைவருக்கும் மதிப்பெண் என்று அறிவித்தால் கணக்கு இன்னும் வேடிக்கையானது. தவறாகக் கொடுத்தவருக்கு 2.67 கூடுகிறது, தொடாமல் விட்டவருக்கு 2 கூடுகிறது, முதலிலேயே சரியாகப் போட்டவருக்கு ஒன்றும் கூடுவதில்லை. அவருடைய மதிப்பெண் அப்படியே இருந்தும் ராங்க் கீழே இறங்குகிறது. எம்.டி.ஏ. வந்துவிட்டது என்று எல்லோரும் கொண்டாடும்போது அவர் மட்டும் மௌனமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

#18 தென்றல்

அந்த மௌனமான நபர் கடந்த ஆண்டு நான்தான். இரண்டு கேள்விகளில்.

#19 பொருநைக்கரை

ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டேன். அட்டவணை 16 உள்ள பக்கத்தை மட்டும் இணைத்தேன். மண்ணியல் கேள்வியை விட்டுவிட்டேன்.

இப்போது நான் குறித்துவைத்திருப்பது இது: அசல் மதிப்பெண் 50.33, ஆட்சேபம் வென்றால் 53. 53-ஐ அதே நான்கு எண்களோடு போட்டுப் பார்த்தேன். 580 முதல் 658 வரை வருகிறது. ஆகவே மொத்தத்தில் 553 முதல் 658 வரை, நார்மலைசேஷனுக்காக இரு பக்கமும் இன்னும் கொஞ்சம். இவ்வளவு அகலமான வரம்பை வைத்துக்கொண்டு எங்கே விண்ணப்பிப்பது அண்ணா?

#20 மணல்மேடு

விண்ணப்பத்தைப் பொறுத்தவரை மேல் எண்ணை வைத்து முடிவெடுங்கள், ஏனென்றால் விண்ணப்பிக்காமல் விட்ட இடம் பிறகு கிடைக்காது. மற்ற ஏற்பாடுகளைப் பொறுத்தவரை கீழ் எண்ணை வைத்து முடிவெடுங்கள். வேலைவாய்ப்பு நேர்காணலை விட்டுவிடுவது, முதுநிலைப் பொறியியலுக்கான அண்ணா பல்கலைக்கழகத்தின் சீட்டா நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்காமல் இருப்பது போன்றவற்றை 658 வரும் என்ற நம்பிக்கையில் செய்துவிடாதீர்கள். கேட் ஸ்கோர் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் இந்த ஆண்டு சேராவிட்டாலும் அது வீணாகாது.

ரெஸ்பான்ஸ் ஷீட்டை இறக்கி வைத்துக்கொண்டீர்களா? அந்த இணைப்பு நிரந்தரமாக இருக்காது. இறுதி விடைக்குறிப்பு வந்தபின் மறுபடி கூட்டிப்பார்க்க அது வேண்டும்.

#21 பொருநைக்கரை

மின்னஞ்சலில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று வைத்திருக்கிறேன்.

#22 பொருநைக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முடிவு வந்துவிட்டது. இறுதி விடைக்குறிப்பில் கவர் கேள்விக்கு 20 மி.மீ. என்பதே நின்றுவிட்டது. ஆட்சேபத்துக்கு என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்று எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. நீரியல் பகுதியில் நான் கவனிக்காத வேறொரு கேள்விக்கு எம்.டி.ஏ. கொடுத்திருக்கிறார்கள், அதை நான் ஏற்கெனவே சரியாகப் போட்டிருந்தேன். தென்றல், உங்களை நினைத்துக்கொண்டேன்.

மதிப்பெண் அட்டையில் 49.87 இருக்கிறது. என் கணக்கு 50.33. இறுதிக் குறிப்போடு மறுபடி கூட்டிப்பார்த்தபோதும் 50.33 தான் வந்தது என்பதால், 0.46 நார்மலைசேஷனில் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஸ்கோர் 574.

#23 சராசரிக்குமேல்

வாழ்த்துகள். அட்டையில் உங்கள் மதிப்பெண், பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண், ஸ்கோர் மூன்றும் இருக்கின்றன அல்லவா? மதிப்பெண்ணிலிருந்து தகுதி மதிப்பெண்ணைக் கழித்து, 550-ஆல் பெருக்கி, ஸ்கோரிலிருந்து 350 போக மீதியான 224-ஆல் வகுத்து, தகுதி மதிப்பெண்ணைத் திரும்பக் கூட்டினால் இந்த ஆண்டின் உச்சிச் சராசரி கிடைத்துவிடும். ஸ்கோர் முழு எண்ணாக்கப்பட்டிருப்பதால் சிறு பிசகு இருக்கும். அந்த எண்ணை இங்கே பதிந்து வைத்தால் அடுத்த ஆண்டு எழுதுகிறவர்கள் 75, 85 என்று என்னைப்போல் குத்துமதிப்பாக எடுக்க வேண்டியிருக்காது.

#24 பொருநைக்கரை

இன்று மாலை போட்டுப் பதிகிறேன் அக்கா. பிற்பகல் அமர்வில் எழுதிய யாராவது தங்கள் அசல் மதிப்பெண்ணையும் அட்டையில் உள்ள மதிப்பெண்ணையும் பதிந்தால் நன்றாக இருக்கும். ஒரே அமர்வில் வெவ்வேறு மதிப்பெண் பெற்ற இரண்டு பேர் கிடைத்தாலே அந்தப் பெருக்கல் விகிதத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். முற்பகலுக்கு நான் ஒருவன் இருக்கிறேன், இன்னும் ஒருவர் வேண்டும்.

#25 கொள்ளிடம்

நானும் முற்பகல்தான். அசல் மதிப்பெண் 66.67. அட்டை வீட்டில் இருக்கிறது, இரவு பார்த்துச் சொல்கிறேன்.